அளவு நோட்டில் இருந்த என் முதுகு

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். தேக்கா சந்தையின் மாடியில், பதின்மூன்று வருடங்களாக எனக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் அக்காவின் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு துணி. அந்த மாதிரி நிறத்தை நான் அதுவரை வாங்கியதே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த குஷிக்கு அதைவிட மங்கலான எதுவும் கண்ணில் படவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் எனக்கு ஆபரேஷன். இரண்டு இடுப்பு மூட்டுகளையும் எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கப் போகிறார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் நேராகத் தையல் கடைக்கு ஓடியவன் சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அக்கா, ஒரு சட்டை தைக்கணும். ஆனா இப்ப இருக்கற எனக்கு இல்ல. நிமிர்ந்து நிக்கப் போற எனக்கு" என்றேன்.

கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் வராத ஆளுக்கு எப்படி தம்பி அளவெடுக்கறது?"

"எப்படியாவது எடுங்க. தீபாவளிக்கு அதைத்தான் போடப் போறேன். ரெண்டாவது தீபாவளிக்குச் சொதப்பின மாதிரி மட்டும் சொதப்பிடாதீங்க லா" என்றேன். இது எங்களுக்குள் இருந்த பழைய கிண்டல். எனக்குக் கல்யாணமான இரண்டாவது வருடம் அவர் தைத்த சட்டை ஒன்று பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு மறுபடி தைத்துக் கொடுத்தார். அதை நான் ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவேன், அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொள்வார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருக்கும் நோயின் பெயர் வாயில் நுழையாது. முதுகெலும்பில் வரும் ஒருவகை அழற்சி வாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பின் மூட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நாளடைவில் முதுகு முழுக்க ஒரே எலும்பாகிவிடும். சிலருக்கு இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பதம் பார்த்துவிடும். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

ஆரம்பத்தில் காலையில் எழுந்திருக்கும்போது மட்டும் இடுப்பும் முதுகும் பலகை போல இருக்கும். அரை மணி நேரம் அங்கே இங்கே நடந்தால் சரியாகிவிடும். படுத்தால் வலி, நடந்தால் வலி இல்லை. இப்படி ஒரு நோய் இருக்கவே முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, தெம்பனிஸில் அலுவலகம். தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறோம், அதனால்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மற்றவர்களின் மருத்துவ அறிக்கைகளைப் படிக்கும் வேலையில் இருப்பவன். ஊரார் முதுகையெல்லாம் படித்தேன், என் முதுகைத் தவிர.

என் மனைவிக்கு மட்டும் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. "நீங்க குனிஞ்சு நடக்கறீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வருடக்கணக்காகச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். "எங்க குனியறேன்? சட்டையப் பாரு. கூன் விழுந்தவன் சட்டை இப்படியா நிக்கும்?" என்பேன். நான் சட்டையை உள்ளே விடாமல் வெளியே விட்டுப் போடுகிறவன். கூன் விழுந்தவர்களின் சட்டை முன்னால் தொங்கும், பின்னால் தூக்கும். என் சட்டையோ சுற்றிவர ஒரே மட்டத்தில் அழகாக நிற்கும். அலுவலகத்தில் எடுத்த படங்களிலும் அப்படித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். கழுத்து திரும்பாதவனுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் ஒரு கண் மருத்துவர். ஒருநாள் வலது கண் கோவைப்பழம் போலச் சிவந்து, வெளிச்சமே பார்க்க முடியாமல் போனது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், காலையில் முதுகு இறுகுமா என்று கேட்டார். கண்ணைக் காட்ட வந்தவனிடம் முதுகை விசாரிக்கிறாரே என்று நினைத்தேன். அவர்தான் வாத நோய் மருத்துவரிடம் அனுப்பினார். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு போட்ட ஊசிகளில் வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டுகள் அதற்குள் தேய்ந்து, மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டுவிட்டன. உட்கார்ந்தால் பாதி நாற்காலியில்தான் இருப்பேன். காலுறை மாட்டிவிட மனைவி வரவேண்டும். பேருந்தில் ஏறக் காலைத் தூக்குவதற்குள் பின்னால் வரிசையே நின்றுவிடும்.

எலும்பு மருத்துவர் என்னைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். குதிகால், முதுகு, தலையின் பின்பக்கம் எல்லாம் சுவரைத் தொடவேண்டும். என் தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சுவர் நேராக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார், என் மனைவி சிரிக்கவில்லை. இந்த வளைவில் ஒரு பங்கு இடுப்பிலிருந்து வருகிறது, இன்னொரு பங்கு முதுகிலிருந்து வருகிறது, இடுப்பின் பங்கைத் தன்னால் சரிசெய்ய முடியும், ஒட்டிப்போன முதுகை ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் விளக்கினார். எவ்வளவு நிமிர்வேன் என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்து நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது. போன ஒரு வருடத்தில் வந்த வளைவுதானே, இடுப்பு மாறினால் போய்விடும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கோடுதான் மஞ்சள் துணியைத் தூக்கிக்கொண்டு தேக்காவுக்கு ஓடினேன்.

அக்கா துணியை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து நீள வாக்கில் ஒரு தடித்த நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து துணி வைத்து ஒட்டியிருந்தது. "உங்க நேரான அளவு எங்கிட்ட இருக்கு. கல்யாணத்துக்கு வந்தீங்கல்ல, அப்ப எடுத்தது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிமிர்ந்து நின்ற என்னைப் பற்றி ஒருவர் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார் என்றால் எப்படி இருக்கும். எட்டிப் பார்க்கப் போனேன். அதே பக்கத்தில் கீழே ஏதோ நிறைய எழுதியிருந்தது. அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, மேல் வரியை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது, "ஆபரேஷன் முடிஞ்சு பழைய சட்டை எதையும் போடாதீங்க. மொதல்ல இங்க வாங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் குரலில் ஏதோ தயக்கம் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் தெரிகிறது. அன்றைக்கு என் காதில் எதுவும் ஏறவில்லை.

ஆபரேஷனில் எனக்குக் கத்தியைவிட மயக்க மருந்துதான் பயம். முதுகெலும்பு ஒட்டிப்போனவனுக்கு முதுகில் ஊசி இறங்க இடம் இருக்காது. முழு மயக்கம் கொடுக்கலாம் என்றால், கழுத்து பின்னால் சாயாது, மூச்சுக் குழாயை வழக்கம் போல வாய் வழியாக இறக்க முடியாது. அதனால் நான் விழித்திருக்கும்போதே, தொண்டையை மரத்துப்போக வைத்து, மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவைவிட்டு வழி பார்த்துக் குழாயை இறக்குவோம் என்று மயக்க மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சின்னப் பெண் போல இருந்தார். முந்தைய நாள் என் கழுத்தை எப்படித் திருப்புவேன் என்று காட்டச் சொன்னார். நான் வழக்கம் போல உடம்பையே திருப்பிக் காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்போது திருப்புங்கள் என்றார். கண்கள் மட்டும்தான் திரும்பின. நான் பிடிபட்டுவிட்டேன்.

அந்தக் குழாய் இறங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தொண்டையில் கசப்பு, மூக்கில் ஒரு அழுத்தம், காதருகே அந்த மருத்துவரின் குரல். திரையில் என் தொண்டையின் உட்பக்கம் தெரிந்தது. அவ்வளவு பயத்திலும், என் உடம்பில் ஒரு இடமாவது நேராக இருக்கிறதே என்று தோன்றியது. அதற்குள் மயக்க மருந்து ஏறிவிட்டது.

மறுநாள் காலை பதினொரு மணி. என் வாழ்க்கையில் நான் மறக்கவே முடியாத நேரம் அது. இயன்முறைச் சிகிச்சை நிபுணர், ஒரு மலாய்ப் பெண், நடைச்சட்டத்தை என் முன்னால் வைத்தார். இன்னொருவர் பின்னால். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பெலான் பெலான்" என்றார் அந்தப் பெண், மெதுவாக மெதுவாக என்று. தொடையெல்லாம் தீப்பிடித்த மாதிரி வலி. சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். பழக்க தோஷத்தில் தரையைப் பார்த்தபடிதான் எழுந்தேன். ஆனால் தரை விலகிப் போய்க்கொண்டே இருந்தது. என் பாதம் போனது, கட்டிலின் சக்கரம் போனது, மனைவியின் செருப்பு போனது, அவள் கைப்பை போனது. பிறகு அவள் முகம் வந்தது. நாற்காலியில் சாயாமல், அவள் குனியாமல், நின்றுகொண்டு நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நீ ஏன் இவ்வளவு குள்ளமா இருக்க?" என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வாய்விட்டு அழுதேன். அந்த மலாய்ப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, போதும் உட்காருங்கள் என்றார். உட்கார மாட்டேன் என்றேன். நான் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் அன்று முழுக்க யார் அறைக்குள் வந்தாலும் அதைப் பற்றித்தான் பேசினேன். சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்தவரைக்கூட விடவில்லை.

அடுத்த ஆறு வாரங்கள் வீட்டில். கால் மேல் கால் போடக்கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, தூங்கும்போது கால்களுக்கு நடுவில் தலையணை. எல்லாவற்றையும் நல்ல பிள்ளையாகச் செய்தேன். காலையும் மாலையும் எங்கள் மாடி நடைபாதையில் கைத்தடியோடு நடை. அதுவரை அந்த மாடியில் இருந்தவர்களை எனக்கு முகத்தைவிடச் செருப்பை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். நீலச் செருப்பு சீனருக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒரு சின்னத் திரை இருக்கிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் மனைவியிடம் வந்து சொல்வேன். அவளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை. முதன்முறையாக வெளியே கிளம்புகிறேன், மருத்துவமனைக்கு இல்லாமல் சும்மா ஊர் சுற்ற. அலமாரியில் இருந்த எனக்குப் பிடித்த நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். முன்பக்கம் குட்டையாகி, பேண்ட்டின் இடுப்புப் பட்டியே தெரிந்தது. பின்பக்கம் என்னவோ தொடையில் இடித்தது. மனைவியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "பின்னாடி வால் தொங்குது" என்றாள்.

வேறு சட்டையை மாட்டினேன். அதே கதை. அலமாரியில் இருந்த ஏழு சட்டைகளையும் கட்டிலில் பரப்பி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட சமமாக இல்லை. எல்லாவற்றிலும் பின்பக்கம் நீளம், முன்பக்கம் குட்டை. இஸ்திரி போடும்போது இது தெரியவில்லையா என்று மனைவியைக் கேட்டேன். பக்கத்தில் சின்னதாக வெட்டுவிட்டுத் தைத்திருந்ததால், அது அந்த அக்காவின் ஸ்டைல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். இஸ்திரிப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே தெரியாத நான் அதற்கு மேல் அவளை எதுவும் கேட்க முடியவில்லை.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடமாக வேறு கடைப் பக்கமே போகாமல் தைத்துக்கொண்டோம், எல்லாவற்றையும் கோணலாக வெட்டி வைத்திருக்கிறாரே. பழைய சட்டையைப் போடாதீர்கள் என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆக, தெரிந்தே செய்திருக்கிறார். நீலச் சட்டையைச் சுருட்டிப் பையில் போட்டேன், ஒரு டீ-சட்டையை மாட்டிக்கொண்டேன், கைத்தடியை எடுத்தேன். வா, தேக்காவுக்குப் போகலாம் என்றேன். சண்டை போடப் போகிறவனைத் தனியாக விட மனமில்லாமல் அவளும் வந்தாள்.

ஆனால் ரயிலில் ஏறியதும் கோபம் நீடிக்கவில்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். எத்தனை வருடங்களாகப் போய்வந்த பாதை. இப்போது கதவுக்கு மேலே இருந்த வரைபடம் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மாலைக் கடைகளில் தலைக்கு நேராகத் தொங்கிய மல்லிகைச் சரங்கள். சண்டைக்குத் தயார் செய்து வைத்திருந்த வசனங்களில் பாதி அங்கேயே மறந்துபோனது. மீதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மின்படிக்கட்டில் ஏறினேன்.

அக்கா மிஷினில் குனிந்திருந்தார். நிழல் தட்டியதும் நிமிர்ந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினார். எழுந்து வந்து, என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் நான் பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தேன்.

"என்னக்கா இது? ஏழு சட்டையும் இப்படித்தான் இருக்கு" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்கு ஏறவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவர் அந்த நோட்டை எடுத்து, என் பக்கத்தைத் திறந்து, இந்த முறை கையால் மறைக்காமல் என் முன்னால் திருப்பி வைத்தார். மேலே முதல் வரி, கல்யாணச் சட்டை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு. அதன் கீழே அடுத்த சட்டையும் அப்படியே. பிறகு இரண்டாவது தீபாவளிச் சட்டை. 'முன் அரை குறை, பின் அரை கூட.' அதற்குக் கீழே, 'முன் அரை குறை, பின் முக்கால் கூட.' அப்படியே இறங்கிக்கொண்டு போனது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. கடைசி வரியில், 'முன் ஒன்றரை குறை, பின் இரண்டு கூட.' பதின்மூன்று வருடம் என் முதுகு எப்படி வளைந்தது என்று அங்குலம் அங்குலமாக அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. போன வருடம் வந்த வளைவு என்று நான் நம்பியது, பதினோரு வருடத்துப் பழசு.

"அந்த ரெண்டாவது தீபாவளிச் சட்டைய நான் சரியாத்தான் வெட்டினேன் தம்பி" என்றார் அக்கா. "நீங்கதான் மாறியிருந்தீங்க. போட்டுப் பாத்துட்டு, துணி சுருங்கிருச்சான்னு கேட்டீங்க. ஒங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. என் தப்புன்னு சொல்லி வேற தைச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒடம்பு எப்படி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டிட்டேன்."

பத்து வருடத்துக்கு மேலாக அவரைச் சொதப்பல் என்று கிண்டல் செய்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை நினைப்பேன்" என்று தொடர்ந்தார். "நீங்க கண்ணாடியப் பாத்துட்டு அவ்வளவு சந்தோஷமா போவீங்க. எனக்கு வாய் வராது. நான் அப்பவே சொல்லியிருந்தா நீங்க முன்னாடியே டாக்டரப் பாத்திருப்பீங்க. இடுப்பு தப்பிச்சிருக்குமோ என்னவோ. ஆபரேஷன்னு சொன்னதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல."

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அதில் நியாயம் இருக்கிற மாதிரிகூடத் தோன்றியது. ஆனால் என் மனைவி சொன்னாளே, வருடக்கணக்காக. அலுவலகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் பேச்சையெல்லாம் நான் என்ன செய்தேன்? தப்பு என்னிடம் இருக்க, பழியை இவர் தலையில் போட முடியுமா?

"நீங்க சொல்லியிருந்தா நான் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டேன்க்கா. வேற தையல் கடைக்குத்தான் போயிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

இவ்வளவு நேரம் நோட்டை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள். "இந்த நோட்ட எனக்கு ஒரு தடவை காட்டியிருந்தா, நான் எப்பவோ இவர ஜெயிச்சிருப்பேன் லா" என்றாள். அக்கா முதலில் திகைத்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

அப்புறம்தான் அக்கா உள்ளே போய் மாம்பழ மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தார். ஆபரேஷன் நாளன்றே தைத்து முடித்துவிட்டாராம். மாட்டிக்கொண்டபோது எனக்குப் பரீட்சை முடிவு பார்ப்பது போல நெஞ்சு அடித்தது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்று மருத்துவர் சொன்னாரே, அந்தப் பதில் இந்தச் சட்டையில் இருக்கிறது. முன்னும் பின்னும் சமமாக, இருபத்தொன்பது வயது மாப்பிள்ளைக்கு வெட்டிய சட்டை. அக்கா என்னைச் சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்தி, மனைவியைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டச் சொன்னார். பதின்மூன்று வருடத்தில் முதன்முறையாக என் பக்கவாட்டுத் தோற்றத்தை நானே பார்த்தேன்.

முன்பக்கம் கச்சிதம். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. அக்கா இரண்டு விரலைப் படுக்கையாகச் சேர்த்து, பின் விளிம்பு தூக்கிய இடைவெளியில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் சரியாக நின்றது. இடுப்பின் பங்கு போய்விட்டது, முதுகின் பங்கு அந்த இரண்டு விரல். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அதே நொடியில், கடைசி வரியில் இருந்த அளவு எங்கே, இது எங்கே என்று தோன்றி, அந்தச் சின்னக் கடைக்குள் கைத்தடியை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"உள்ள மடிச்சுத் துணி விட்டிருக்கேன். பின்பக்கம் எறக்கிவிட்டா சமமாயிடும், அஞ்சு நிமிஷம்" என்று அக்கா சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார்.

"வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."

"தூக்கிக்கிட்டு நிக்குமே தம்பி."

"நிக்கட்டும். என் முதுகு அப்படித்தான் இருக்கு."

பதின்மூன்று வருடத்தில் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சுண்ணாம்புக் கட்டியை மேசையில் வைத்துவிட்டார். பிறகு நோட்டில், எல்லா வரிகளுக்கும் கீழே, அன்றைய தேதியைப் போட்டு, 'முன் சரி, பின் இரண்டு விரல், எறக்கவில்லை' என்று எழுதினார்.

அந்தத் தீபாவளிக்கு மஞ்சள் சட்டையைத்தான் போட்டேன். வந்த உறவினர் ஒருவர், பின்னால் சட்டை தூக்கியிருக்கிறதே, தையல் சரியில்லையா என்று கேட்டார். தையல் ரொம்பச் சரி என்றேன், முதுகைப் பற்றிச் சொன்னேன், அவர் தன் தம்பிக்கும் காலையில் முதுகு இறுகுவதாகச் சொன்னார், உடனே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவரை அன்றைக்கு முழுக்க விடவேயில்லை. அவர்களும் போனார்கள்.

இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் அந்தச் சட்டையோடு தேக்கா மாடிக்குப் போகிறேன். தினமும் காலையில் பயிற்சி செய்கிறேன், ஊசியைத் தவறவிடுவதில்லை, அதெல்லாம் வேலை செய்கிறதா என்பதற்கு மருத்துவமனையில் ஒரு படம் எடுக்கிறார்கள், இங்கே அக்கா தன் விரலை வைக்கிறார். எனக்கு இரண்டில் எதற்கு அதிகமாக நெஞ்சு அடிக்கிறது என்று கேட்டால், விரலுக்குத்தான். போன மாதம் போனபோதும் இரண்டு விரல்தான், மூன்றாகவில்லை. என்னை நோகடிக்கக்கூடாது என்று பதினோரு வருடம் கத்தரியால் என் முதுகை மறைத்தவர், இன்று அதே கையால் அதை எனக்கு அளந்து காட்டுகிறார், நானும் கண்ணை மூடிக்கொள்ளாமல் நின்று பார்க்கிறேன் என்பதே நான் உண்மையில் நிமிர்ந்துவிட்டேன் என்பதற்கு எனக்கு இருக்கும் அத்தாட்சி.